தை வரைக்கும் தாங்கும் தக்காளி

ரொறன்ரோவிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வீட்டுப் பின்வளவில் தோட்டம் செய்யும் எம்மவர்களுக்கு,

ஓகஸ்ட் மாதம் வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் யாரும் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவதில்லை. கையில் ஒரு பை தக்காளிப்பழம் இருக்கும். வாங்குகிறவரும் சிரித்த முகத்தோடு வாங்கிவிட்டு, போகும்போது தன் தோட்டத்துப் பழத்தில் ஒரு பையைக் கட்டிக் கொடுத்துவிடுவார். குளிர்சாதனப் பெட்டி நிறையும், குசினி மேசை நிறையும், பழ ஈ வரும். அதே வீடுகளுக்கு நவம்பரில் போய்ப் பாருங்கள். சொதிக்குப் போடுவதற்குக் கடையில் வாங்கிய, வெளிறிய, தண்ணீர்த்தன்மையான தக்காளிதான் இருக்கும். நாலு மாதம் பாத்தியில் முதுகு வளைத்தவர்கள், ஆறு வாரத்தில் எல்லாவற்றையும் தின்றும் கொடுத்தும் எறிந்தும் முடித்துவிட்டு, மிச்சக் காலத்துக்கு மெக்சிக்கோவையும் ஃபுளோரிடாவையும் நம்பியிருக்கிறோம்.

இது மார்ச் மாதம். விதைப் பைகளை இப்போதுதான் வாங்கத் தொடங்கியிருப்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். உங்கள் தக்காளிப் பாத்தியில் மூன்று கன்றுக்கான இடத்தை, பறித்து வைத்து மாதக்கணக்கில் சாப்பிடக்கூடிய வகைகளுக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மற்ற இடத்தில் உங்களுக்குப் பிடித்ததை நடுங்கள். அதில் நான் தலையிடவில்லை.

ஒக்டோபரில் நாங்கள் வழக்கமாகச் செய்வதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வானிலை அறிக்கையில் உறைபனி என்று ஒரு சொல் வந்ததும், இரவு ஒன்பது மணிக்கு டோர்ச் லைற்றைப் பிடித்துக்கொண்டு பின்வளவுக்கு ஓடி, அகப்பட்ட காயையெல்லாம் பிடுங்கிக் கடைப் பைகளில் கொட்டி, கராஜில் ஒரு மூலையில் வைக்கிறோம். பத்து நாள் கழித்துப் பார்த்தால் பையின் அடியில் தண்ணீர், பாதி அழுகல், மிச்சம் சுருங்கிய பச்சை. இந்த நாட்டில் காயைப் பழுக்க வைக்க ஏலாது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் பறித்த நேரம் பிழை, வைத்த விதம் பிழை. எல்லாவற்றுக்கும் மேலாக, நாங்கள் வழக்கமாக நடும் வகைகள் சேமிப்பதற்கென்று உண்டானவையே இல்லை. பெரிய பீஃப்ஸ்ரேக் தக்காளி உடனே வெட்டித் தின்ன ஏற்பட்ட பழம். அதை நத்தார் வரை வைத்திருக்க நினைப்பது அநியாயம்.

தக்காளி பறித்த பின்னும் உயிரோடு இருக்கும். முற்றியதும் தனக்குள்ளேயே எத்திலீன் என்ற வாயுவைச் சுரக்கத் தொடங்கும். அந்த வாயுதான் பச்சையைச் சிவப்பாக்குவதும், சதையை இளக்குவதும், மணத்தைக் கிளப்புவதும். தொடங்கிய வேலையை அது பாதியில் நிறுத்தாது. பழுக்க வைத்த அதே வேகத்தில் அழுகலுக்கும் வழிவிட்டுவிடும். நீண்டநாள் தாங்கும் வகைகளில் இந்த வேலை மெதுவாக நடக்கிறது. தோலும் தடிப்பு, உள்ளே தண்ணீரும் குறைவு.

இதை ஆய்வுகூடத்தின் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கத்தலோனியாவில் 'தெ பென்ஜார்' என்ற தொங்கவிடும் தக்காளியை வீடுகளில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டு, குளிர்காலம் முழுக்க ரொட்டியில் தேய்த்துச் சாப்பிடுகிறார்கள். மயோர்க்காத் தீவில் 'ரமல்யெட்' தக்காளியைக் காம்போடு நூலில் கோத்துத் தொங்கவிடுவார்கள். இத்தாலியில் வெசூவியஸ் எரிமலைச் சரிவில் விளையும் 'பியென்னொலோ' நுனி கூரான சின்னப் பழம். அதைச் சணல் வளையத்தில் அடுக்கிப் பெரிய குலையாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் மாட்டிவிட்டால் வசந்தம் வரை தாங்கும். 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயருக்குப் பாதுகாப்பே கொடுத்துவிட்டது. விதை வெங்காயத்தைப் பிடி கட்டிக் கொட்டில் வளையில் தொங்கவிட்டவர்களின் பிள்ளைகளான எங்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இருக்கக்கூடாது.

விஞ்ஞானிகள் பிறகுதான் வந்தார்கள். போர்த்துக்கலின் அல்கொபாசா என்ற நாட்டுத் தக்காளியிலும் கத்தலோனியாவின் தொங்கும் தக்காளியிலும் பழுக்கும் வேலையை மந்தமாக்கும் ஒரே மரபணு மாற்றத்தைக் கண்டார்கள். 'ரின்' என்ற இன்னொரு மாற்றம் 1960களில் தெரியவந்தது. இன்று கடையில் இருக்கும் பல தக்காளிகள் வாரக்கணக்கில் குலையாமல் கிடப்பதற்கு அதுதான் காரணம். அமெரிக்காவில் 1994இல் விற்பனைக்கு வந்த 'ஃபிளேவர் சேவர்', மரபணுவை மாற்றிக் கடைக்கு வந்த முதல் முழு உணவு. பழம் இளகாமல் இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். சில வருடத்திலேயே காணாமல் போனது. கத்தலோனியக் குடியானவர்கள் ஒரு நூலையும் ஆணியையும் வைத்துச் சாதித்ததை ஒரு கம்பனி கோடிக்கணக்கில் கொட்டியும் நிலைநிறுத்த முடியவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

சரி, எந்த விதை? அமெரிக்க விதை நிறுவனமான பர்பீ பரப்பிய 'லோங்கீப்பர்' இங்கே எளிதாகக் கிடைக்கும். ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை தாங்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்: அதன் தோல் சிவக்காது. வெளியே வெளிறிய பொன்னிறம். வெட்டினால்தான் உள்ளே செம்மஞ்சள் தெரியும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் பழம் பழுதாகும் வரை காத்திருப்பீர்கள். 'றெவரண்ட் மொறோ' என்ற பழைய அமெரிக்க வகையும் இதே குணம். 'கார்டன் பீச்' தோலில் மெல்லிய பூமயிர் இருக்கும், பழம் மஞ்சள், சுவை இனிப்பு; பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கொத்தாகக் கட்டித் தொங்கவிட ஆசையென்றால் பியென்னொலோவோ தெ பென்ஜாரோ தேடுங்கள். தபாலில் விதை அனுப்பும் சிறு நிறுவனங்களும், குளிர்காலக் கடைசியில் நடக்கும் விதைப் பரிமாற்றச் சந்தைகளும் நல்ல வழி. வுட்பிரிட்ஜ் பக்கம் வேலிக்கு அந்தப்பக்கம் இத்தாலியக் குடும்பம் இருந்தால் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். செப்ரெம்பரில் கராஜைத் திறந்துவைத்துப் பெட்டி பெட்டியாகத் தக்காளி அரைத்துப் போத்தலில் அடைக்கிற ஆட்கள் அவர்கள். விதை கேட்டால் விதையோடு ஒரு மணிநேரப் புத்திமதியும் இலவசமாகக் கிடைக்கும்.

சுவை பற்றி உண்மையைச் சொல்லிவிடவேண்டும். ஓகஸ்ட் வெயிலில் கொடியில் பழுத்து, உப்பும் மிளகுத்தூளும் தூவித் தின்னும் பழத்துக்கு இது கிட்டவும் வராது. தோல் பல்லில் படும். ஆனால் நீங்கள் இதை ஓகஸ்ட் பழத்தோடு ஒப்பிடக்கூடாது. டிசம்பரில் கடையில் கிடைப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஃபுளோரிடாவின் குளிர்காலத் தக்காளியில் பெரும்பகுதி பச்சையாகப் பறிக்கப்பட்டு, அறைக்குள் எத்திலீன் அடித்து நிறமேற்றப்பட்டு வருவது. அந்தப் போட்டியில் நீங்கள் சேமித்த பழம் வெல்லும்.

விதைப்பதில் எங்கள் ஆட்களுக்கு ஒரு அவசரம் உண்டு. பெப்ரவரியிலேயே யன்னலோரத்தில் தட்டு வைத்து, ஏப்ரலில் கழுத்து நீண்டு சாய்ந்த கன்றுகளைக் குச்சியில் கட்டிக்கொண்டிருப்பார்கள். சேமிப்புத் தக்காளிக்கு அந்த அவசரம் ஆகாது. காய்கள் ஓகஸ்டிலேயே முற்றிவிட்டால் வெக்கையில் பழுத்து முடிந்துவிடும். சேமிக்க எதுவும் மிஞ்சாது. செப்ரெம்பர் கடைசியில் கொடி நிறைய முற்றிய காய் இருக்கவேண்டும் என்பதுதான் கணக்கு. ஆகவே ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பிறகு விதையுங்கள், ஜூன் முதல் பாதியில் வெளியே நடுங்கள். லோங்கீப்பர் நட்டு ஏறத்தாழ எண்பது நாளில் பழம் தரத் தொடங்கும் வகை. இந்த இடைவெளி அதற்குப் போதும். மற்றத் தக்காளிகளை விக்ரோறியா தின வார இறுதியில் வழக்கம்போல நட்டுக்கொள்ளுங்கள்.

பசளையில் கை தாராளம் வேண்டாம். கோழி எருவை அள்ளிக் கொட்டினால் கொடி கரும்பச்சையாக மதமதவென்று வளரும். காய் பிந்தும், வரும் காயும் தண்ணீர்க் காயாக இருக்கும். நடும்போது குழிக்கு நல்ல கூட்டெரு, முதல் பூங்கொத்து காய் பிடித்ததும் இன்னொரு தடவை கொஞ்சம், அவ்வளவுதான். தண்ணீரை ஒரே சீராக விடுங்கள். ஒரு கிழமை காயவிட்டு மறுநாள் வெள்ளமாக விட்டால் காயின் அடி கறுத்து அழுகும், தோல் வெடிக்கும். வெடித்த தோலுள்ள காய் சேமிப்புக்கு உதவாது. நிலத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். காய் மண்ணில் முட்டக்கூடாது, ஆகவே கம்பு நட்டுக் கட்டிவிடுங்கள். செப்ரெம்பர் பிறந்ததும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். வெசூவியஸ் சரிவுக்காரர்கள் கொஞ்சத் தண்ணீரோடேயே வளர்க்கிறார்கள். காயில் சாறு குறைந்து சதை இறுகுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓகஸ்ட் கடைசி வாரத்தில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. கொடியின் நுனிகளைக் கிள்ளி, புதுப் பூக்களையும் கிள்ளி எறியுங்கள். பூ காயாகி முற்ற நாற்பது ஐம்பது நாள் வேண்டும். இந்தக் குளிரில் இன்னும் கூடுதலாகவே செல்லும். செப்ரெம்பர்ப் பூ எதுவும் எங்களுக்குக் காயாகப் போவதில்லை. கொடியின் சத்தைத்தான் அது தின்னும். பூத்த செடியில் பூவைக் கிள்ளுவது பாவம் என்று எங்கள் அம்மாமார் சொல்வார்கள். அவர்களுக்கு ஒக்டோபர் உறைபனி தெரியாது.

ஈரக்குளிர் தொடங்கியதும் இலையில் எண்ணெய் பட்டதுபோல் கறுப்புத் திட்டுகளும் காயில் கபில நிறத் தடிப்பும் வந்தால் அது பின்கருகல். அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்கை அழித்து ஊரையே பட்டினி போட்ட அதே நோய்தான். அப்படிப்பட்ட கொடியில் நல்லதுபோல் தெரியும் காயையும் சேமிப்புக்கு எடுக்காதீர்கள். நாலு நாளில் பெட்டிக்குள் கறுத்துவிடும். கொடியைப் பிடுங்கிக் கறுப்புப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

இனி அறுவடை. இதில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறோம், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். உறைபனி வரும்வரை காத்திருக்காதீர்கள். பத்துப் பாகை செல்சியஸுக்குக் கீழே நாட்கணக்கில் இருந்த காய்க்கு உள்ளே குளிர்க்காயம் பட்டுவிடும். அது வெளியில் தெரியாது. பிறகு எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் திட்டுத் திட்டாகப் பழுக்கும், மாவாகும், தோளில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். கொடியில் நின்றபடி வாங்கிய குளிரும் கணக்கில் சேரும். பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்தி உறைபனிக்குத் தப்பவைத்த காய் பெட்டிக்குள் போய் ஏமாற்றுவது இதனால்தான். இரவுச் சூடு தொடர்ந்து பத்துக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும், செப்ரெம்பர் கடைசியிலோ ஒக்டோபர் முதல் வாரத்திலோ, மழையில்லாத ஒரு மத்தியானம் பார்த்துப் பறித்துவிடுங்கள். ஏரிக்கரையில் இருக்கிறவர்களுக்குச் சில நாள் சலுகை உண்டு. மார்க்கம், பிரம்ரன் பக்கத்தவர்கள் முந்திக்கொள்ளவேண்டும்.

முற்றிய காயை அடையாளம் காண்பது எப்படி? வளர்ச்சி நின்று, கரும்பச்சை வெளிறி, தோலில் ஒரு மினுமினுப்பு வந்திருக்கும். அடி நுனியில் வெண்மையாக ஒரு நட்சத்திரம்போல் தெரியும். சந்தேகமென்றால் ஒரு காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதையைச் சுற்றிக் களி பிடித்து, கத்தி படும்போது விதை வெட்டுப்படாமல் வழுக்கினால் முற்றிவிட்டது. விதை வெட்டுப்பட்டால் இளங்காய். அது ஒருநாளும் சரியாகப் பழுக்காது, சம்பலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கையால் திருகாமல் கத்தரிக்கோலால் காம்பையும் புல்லியையும் விட்டு வெட்டுங்கள். தக்காளித் தோலில் மூச்சுவிடும் துவாரங்கள் இல்லை. காற்றும் ஈரமும் போய்வரும் வழியில் பெரும்பங்கு காம்படித் தழும்புதான், பூஞ்சணம் நுழைவதும் அந்த வழியால். கழுவவேண்டாம். குளிர்தண்ணீரில் போட்டால் அந்தத் தழும்பு வழியாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மண் இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். கீறல், புழுத் துளை, வெடிப்பு உள்ளதையெல்லாம் அன்றைக்கே சட்டிக்கு அனுப்புங்கள்.

எங்கே வைப்பது? பன்னிரண்டு முதல் பதினைந்து பாகை, வெளிச்சம் வேண்டாம், கொஞ்சம் ஈரக் காற்று. எங்கள் வீடுகள் பலவற்றில் முன்வாசலுக்குக் கீழே ஒரு கோல்ட் ரூம் இருக்கிறது. அரிசி மூட்டையும் பழைய குத்துவிளக்கும் கிடக்கும் அந்த அறைதான் ஒக்டோபரில் தக்காளிக்கு ஏற்ற இடம். ஆனால் ஜனவரியில் அது குளிர்சாதனப் பெட்டியாகிவிடும். ஒரு சின்ன வெப்பமானியை உள்ளே தொங்கவிட்டு, பத்துக்குக் கீழே இறங்கியதும் பெட்டியை பேஸ்மென்ரின் குளிரான மூலைக்கு மாற்றுங்கள். கராஜும் இப்படித்தான், நவம்பருக்கு மேல் நம்பமுடியாது.

ஆழமில்லாத பெட்டியில் ஒரே அடுக்காக, ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். ஒவ்வொன்றையும் பத்திரிகைத் தாளில் சுற்றினால் ஒன்று அழுகினாலும் பக்கத்துக்குத் தொற்றாது. கடைவாசலில் சும்மா கிடைக்கும் தமிழ்ப் பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல மறுபிறவி கிடையாது. செங்காயாக எடுத்ததை ஒரு பெட்டியிலும் பச்சையை இன்னொன்றிலும் பிரித்து வைத்து, செங்காய்ப் பெட்டியை முதலில் தீர்த்துவிடுங்கள். அப்பிளும் வாழைப்பழமும் அந்த அறைப்பக்கம் போகக்கூடாது, இரண்டுமே எத்திலீனை அள்ளி வீசும். அடுத்த கிழமை விருந்துக்கு நாலு பழம் அவசரமாகப் பழுக்கவேண்டுமென்றால் மட்டும் கடதாசிப் பையில் ஒரு வாழைப்பழத்தோடு சேர்த்துக் குசினியில் வையுங்கள். கிழமைக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, கசிந்ததை எடுத்துவிடவேண்டும். இந்த வேலைக்குப் பஞ்சிப்பட்டால் மற்ற எதைச் செய்தும் பலனில்லை.

சின்னப் பழ வகைகளைக் கொத்தாகவே வெட்டி நூலில் கட்டித் தொங்கவிடலாம். இன்னொரு பழைய முறை, கொடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, இலைகளைக் களைந்து, பேஸ்மென்ரில் தலைகீழாகத் தொங்கவிடுவது. வேலை சுகம், ஆனால் மிஞ்சிய இலை காய்ந்து வீடெல்லாம் கொட்டும். வீட்டில் உள்ளவர்களோடு பேசிவிட்டுச் செய்யுங்கள்.

குளிர்சாதனப் பெட்டியை மறந்துவிடுங்கள். ஃபுளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பழுத்த தக்காளியை ஐந்து பாகையில் ஒரு கிழமை வைத்தபோது மணம் தரும் பொருட்களை உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போனதையும், பிறகு வெளியே எடுத்து வைத்தும் மணம் முழுதாகத் திரும்பாததையும் காட்டினார்கள். வெட்டிய பாதிப் பழத்துக்கு மட்டும் குளிர்சாதனப் பெட்டி சரி.

சமையலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குறிப்பு மட்டும்: கொதிதண்ணீரில் அரை நிமிடம் போட்டெடுத்தால் தடித்த தோல் உரிந்துவிடும். நாள் ஆக ஆகப் புளிப்புக் குறையும், ஆகவே டிசம்பர்ப் பழத்தில் ரசம் வைத்தால் பழப்புளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். சொதிக்கும் மீன்குழம்புக்கும் பருப்புக்கும் அருமையாக இருக்கும். பச்சையாகத் தின்னக் கார்டன் பீச் ஒன்றைத்தான் நான் சிபாரிசு செய்வேன்.

இதில் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று யாரும் எண்ணவேண்டாம். மூன்று கன்றில் வருவதை மாதக்கணக்கில் கடையில் வாங்கினாலும் பெரிய தொகை ஆகாது. பழம் நத்தார் வரை தாங்குவது உறுதி. தைப்பொங்கலுக்கு நாலைந்து பழம் மிஞ்சினால் அது அந்த வருடத்து வெயிலின் தயவு. ஆனால் வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது, உங்கள் மண்ணில் விளைந்த ஒன்றை வெட்டிச் சட்டியில் போடுவதற்கு நான் விலை சொல்லமாட்டேன்.

கடைசியாக, விதை. கடைத் தக்காளியின் விதையை எடுத்து நடுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது ரின் கலந்த கலப்பினமாக இருந்தால் முளைக்கும் கன்றுகளில் நாலில் ஒரு பங்கின் காய் எத்தனை நாள் வைத்தாலும் சிவக்காது. "காய்க்குது, பழுக்குதில்லை" என்று என்னிடம் முறையிட்டவர்கள் இதைக் கவனிக்கவும். லோங்கீப்பர், கார்டன் பீச், பியென்னொலோ எல்லாம் கலப்பினம் அல்லாத வகைகள். விதை எடுத்தால் தாயைப்போலவே வரும். முதலில் பழுத்த பெரிய பழத்தில் விதை எடுப்பது எங்கள் வழக்கம். சேமிப்புத் தக்காளிக்கு அதைத் தலைகீழாக்குங்கள். பெட்டியில் எது எல்லாவற்றுக்கும் பிந்தி, கசியாமல் சுருங்காமல் நிற்கிறதோ, அதன் விதையைக் களியோடு ஒரு கிளாசில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, கழுவி, தட்டில் உலர்த்தி எடுத்து வையுங்கள். அந்தப் பழத்தை வெட்டிய தேதியை விதை உறையில் எழுதுங்கள். அடுத்த ஏப்ரலில் அந்த உறையிலிருந்து பத்து விதையை இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். அவர்களிடமும் தேதியைக் கேட்டு எழுதி வையுங்கள். ஸ்காபரோவிலும் பிரம்ரனிலும் மிசிசாகாவிலும் நூறு வீடுகள் இதைச் சில வருடம் செய்தால், இந்தக் குளிருக்கும் எங்கள் கோல்ட் ரூமுக்கும் பழகிய ஒரு தக்காளி எங்கள் கையிலேயே இருக்கும்.

அன்புடன்,
உங்களைப்போல் பின்வளவில் மண் கொத்தும் ஒருவர்